சட்டையில்லாத ஆளைத் தென்காசித் தெருக்களில் தேடியது

தென்காசியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் கோவில் மதிலில் வந்து முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வந்த அன்று மாலை எனக்கு அது எரிச்சலாக இருந்தது. மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஊரில் வழி தவறினால் நேராக நடந்தால் போதும், ஏதாவது ஒரு பெரிய சாலை வந்து சேரும். இங்கே நேராக நடப்பவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

என் கணவர் மாணிக்கத்தின் சித்தப்பா பேத்திக்கு ஆலங்குளத்தில் கல்யாணம். அதற்குத்தான் மலேசியாவிலிருந்து வந்தோம். பூர்வீகம் பார்க்கிற ஆசையெல்லாம் எங்கள் இருவருக்கும் கிடையாது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. சொல்ல வேண்டியது அவருக்குத் தெரியும், ஆனால் சொல் தொண்டை வரை வந்து நின்றுவிடும். யாராவது அவசரப்படுத்தினால் எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். எனக்கு ஏற்கெனவே வாய் நீளம். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடிந்து தென்காசியில் லாட்ஜ் எடுத்தோம். மாலையில் இருவரும் மாசி வீதிகளைச் சுற்றினோம். நான்கு வீதிகளும் கோவிலைச் சதுரமாகச் சூழ்ந்து போகின்றன. தேர் திரும்ப வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே அகலமாக விட்டிருக்கிறார்கள். தேர் ஓடாத நாட்களில் அந்த அகலத்தை மோட்டார் சைக்கிள்களும் தள்ளுவண்டிகளும் மாடுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முகப்பை உடைத்துக் கண்ணாடி வைத்த துணிக்கடைகளின் மாடியில் பழைய மரத்தூண்கள் இன்னும் நிற்கின்றன.

கூலக்கடை பஜாருக்குள்ளும் போனோம். கூலம் என்றால் தானியம். நெல்லும் பயறும் மலையாள நாட்டுக்கு மாட்டுவண்டியில் போனது இங்கிருந்துதான் என்று லாட்ஜ் மேனேஜர் சொல்லியிருந்தார். இப்போது பாதிக் கடைகளில் செல்போன் உறை தொங்குகிறது. ஆனாலும் மூட்டை தூக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று சொல்லிக்கொண்டே இடித்துவிட்டுப் போகிறார்கள். கோபுர வாசலில் காற்று என் சேலையைப் பிடித்து இழுத்தது. பாண்டிய ராஜா கட்டிய கோபுரம் பாழாகிப் பிளந்து, பல தலைமுறைகளுக்கு மொட்டையாகவே நின்றதாம். இப்போது நிற்பது பிற்பாடு எழுப்பியது. என் கணவர் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன்காரர் அல்லவா, உயரத்தைப் பார்த்தால் விடமாட்டார்.

மறுநாள் குற்றாலம். அருவி நீர் தலையில் விழுந்தால் நரம்புக்கு நல்லது என்று கல்யாண வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்கள் டாக்டர் அப்படி எதுவும் சொன்னதில்லை. இருந்தாலும் ஆசை யாரை விட்டது.

சீசன் கூட்டம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. சாரல் தூறிக்கொண்டே இருக்கிறது. யாரும் குடை பிடிப்பதில்லை. ரோடு முழுக்க ஈர மனிதர்கள். இடுப்பில் துண்டு, தலையில் எண்ணெய், கையில் மிளகாய் பஜ்ஜி. வங்கி மேனேஜரும் கொத்தனாரும் அந்தக் கோலத்தில் ஒன்றுதான். அப்படியே டீக்கடையில் உட்காருகிறார்கள், அப்படியே ஏ.டி.எம். வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் நடந்தால் போலீஸ் வந்துவிடும்.

மெயின் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நான் அவரோடு போக முடியாது. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரிடம் பேசி, "தேய்த்து முடித்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தண்ணீரில் விடுங்கள், திரும்பக் கூட்டிவந்து என்னிடம் விடுங்கள்" என்று ஒப்படைத்தேன். என் கணவருடைய சட்டை, வேட்டி, கண்ணாடி, போன் எல்லாம் என் பையில். துண்டோடு கல்லில் உட்கார்ந்து, எண்ணெய் வழிய என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சற்று நேரத்தில் சைரன் ஊதியது. மலைக்கு மேலே மழை பெய்து தண்ணீர் கூடினால் ஊதுவார்களாம். எனக்கு அது தெரியாது. அருவி கண் முன்னால் நிறம் மாறியது. வெள்ளை போய்ச் செம்மண் நிறம் வந்தது. போலீசார் விசில் ஊதிக்கொண்டே எல்லோரையும் வெளியே விரட்டினார்கள். எண்ணெய்க்காரர்கள் பாட்டில்களை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் ஆண்கள் பக்கம் போகப் பார்த்தேன், ஒரு பெண் போலீஸ் கையை நீட்டித் தடுத்தார். ஈர உடம்புகள் என்னை இடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கூட்டம் வடிந்த பிறகு கல் மட்டும் இருந்தது. அவர் இல்லை.

"யாரோ ஒரு ஆளு தண்ணில போயிட்டாராம்லா" என்று என் பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

போலீஸ் அவுட்போஸ்டில் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தண்ணீரில் போகவில்லை, வதந்தியை நம்பாதீர்கள் என்றார்கள். கொஞ்சம் மூச்சு வந்தது. என் முறை வந்ததும் காவலர் கேட்டார்.

"என்ன கலரு சட்டைம்மா?"

"சட்டை இல்லை."

"வேட்டியா, பேன்ட்டா?"

"துண்டு."

"அடையாளம் ஏதாச்சும்?"

"எண்ணெய் தேய்த்திருந்தார்."

காவலர் பேனாவை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை என் கணவர்கள்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

"பேரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியாது சார். பேச வராது" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அறுபது வயதுக்காரி நடுத்தெருவில் அழுவது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நிற்கவில்லை.

எனக்கு அடுத்து நின்றவரும் துண்டோடு நின்றார். பெரிய தொந்தி, நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் செல்லத்துரை. சுரண்டைச் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறாராம். சந்தைக்காரர்கள் இரண்டு வேனில் வந்திருக்கிறார்கள். இவரை விட்டுவிட்டு இரண்டும் போய்விட்டன.

"அந்த வேன்ல இருக்கேன்னு இவனுவளும், இந்த வேன்ல இருக்கேன்னு அவனுவளும் நெனச்சிருப்பானுவ. ஆனா எங்க டிரைவரு தலைய எண்ணாம வண்டிய எடுக்க மாட்டானே சார். எப்படி எடுத்தான்னுதான் வெளங்கல. கணக்கு இடிச்சிருக்கணும்லா" என்று காவலரிடம் கத்தினார்.

எனக்கு அழுகை நின்றது. "உங்கள் வேனில் எல்லோரும் இப்படித்தான் இருப்பார்களா?"

"எப்படி?"

"சட்டையில்லாமல், இடுப்பில் துண்டோடு."

"பின்ன, குளிச்சிட்டுக் கோட்டா போடுவானுவ?"

"எங்கள் வீட்டுக்காரர் யார் என்ன சொன்னாலும் சரி என்பார். ஏறுங்கள் என்று சொன்னால் ஏறிவிடுவார்."

செல்லத்துரை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "யக்கா! என் சீட்டுல ஒங்க ஆளா?"

அவருக்குத் தன் நம்பர் ஒன்றுதான் மனப்பாடம். அந்தப் போனும் அவர் சட்டைப் பையில், சட்டை வேனில். என் போனிலிருந்து அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பவர் இல்லை. குளித்துவிட்டுத் தென்காசியில் கோவில், கடைவீதி, சாப்பாடு, பிறகு ஊர் என்பது அவர்கள் திட்டமாம். காவலர் என் நம்பரை எழுதிக்கொண்டு, "போய்ப் பாருங்க, இங்கன வந்தா நாங்க கூப்பிடுதோம்" என்றார்.

ஆட்டோ பிடித்தோம். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு எட்டிப்பிடிக்கிற தூரம்தான். சீசனில் அது கிடையாது. வேன்கள், கேரளா கார்கள், பலாப்பழம் ஏற்றிய சைக்கிள், நடுவில் குளித்துவிட்டு நிதானமாக நடந்துபோகிற குடும்பங்கள். ஒவ்வொரு வெள்ளை வேனுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். எல்லா வேனும் வெள்ளை.

என் மனம் கண்டதையெல்லாம் போட்டு உழப்பியது. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தூரத்து வண்டி தெரியாது. கையில் காசில்லை. பசித்தால் கேட்க வாயில்லை. பேர் என்ன என்று யாராவது அதட்டினால் பதறிப்போவார். குடித்திருக்கிறான் என்று அடித்துவிட்டால்? இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். செல்லத்துரை திரும்பி, "சுரண்டக்காரனுவ அடிக்க மாட்டானுவக்கா. சோறு வாங்கிக் குடுப்பானுவ" என்றார். அவருக்கும் குளிரில் பல் தந்தியடித்தது. என் கணவரின் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் தொந்திக்கு அது பத்தவில்லை. மேல் பட்டனை மட்டும் போட்டுக்கொண்டார்.

யானைப்பாலம் தாண்டும்போது மறுபடி அடித்தோம். இந்த முறை எடுத்தார்கள்.

"ஏலே, எவம்லே பேசுதது?" என்றார் செல்லத்துரை.

"சரி" என்றது போன்.

நான் பிடுங்கிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் கேட்ட குரல் அது. "எங்கே இருக்கிறீர்கள்? யார் கூட இருக்கிறீர்கள்? வேனில் இருக்கிறீர்களா? பக்கத்தில் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள்! சாப்பிட்டீர்களா? பஸ் ஸ்டாண்டா அது? ஹாரன் கேட்கிறதே, பஸ் ஸ்டாண்டுதானே?"

"சரி" என்றார். "சரி, சரி."

பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டச் சொன்னேன். டிரைவர் சந்து சந்தாக விட்டார். வாய்க்கால் பாலம் என்று ஒரு இடம், வாய்க்கால் எங்கே என்று தெரியாதபடி கடைகள். ஒரு தெருவில் மரப்பட்டறையின் ரம்பம், அடுத்ததில் அரபிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓதுகிற சத்தம், அதற்கடுத்ததில் வாசலெல்லாம் அப்பளம் காயப்போட முடியாமல் வானத்தைத் திட்டும் பெண்கள். முந்தின நாளாக இருந்தால் இறங்கி வேடிக்கை பார்த்திருப்பேன். இப்போது ஒவ்வொரு தெருவும் அவரை ஒளித்து வைத்திருக்கிற பெட்டியாகத்தான் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடினோம். பெஞ்சுகள், கழிப்பறை வாசல், டைம் கீப்பர் அறை. செங்கோட்டை பஸ்ஸுக்குள்ளும் ஏறிப் பார்த்தேன். இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி அடித்தேன். எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்துரை போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "யக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க பஸ் ஸ்டாண்டான்னு கேட்டீங்க, அவுக சரின்னாவ. ஏரோப்ளேனான்னு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாவ. கொஞ்சம் பேசாம இருங்க."

எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்குத்தான் பார்த்த தொந்திக்காரர், என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னைப் பேசாதே என்கிறார். இருந்தாலும் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. டிரைவர் ஆட்டோவை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். மூன்று தலைகளும் போனுக்கு மேலே குனிந்தன.

தெருச் சத்தம் கேட்டது. இரும்புக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம். ஒருவர் ஏதோ கூவிக்கூவி விற்கிறார்.

"கொத்துப் பரோட்டா தட்டுதான். கூலக்கட பஜாரு முக்கு" என்றார் டிரைவர்.

"போவே. அங்கன லோடு லாரி சத்தம்லா முன்னால கேக்கும். இது அம்மன் சன்னதி பஜாரு. பூக்காரன் கத்துதான் பாரும்."

"அது பூக்காரன் இல்ல அண்ணாச்சி, நேந்திரங்கா சிப்ஸு. மலையாளம் கலந்து கத்துதான் கேட்டேளா? அவன் தெக்கு மாசி வீதிலதான் நிப்பான்."

"எனக்குத் தெரியாதா? நான் இந்தத் தெருவுல வருசக்கணக்கா கத்திரிக்கா எறக்குதவன்."

இருவரும் சத்தம் போட்டார்கள். ஒருவர் சொன்ன தெரு இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. போனில் கோவில் மணி கேட்டது. தென்காசியில் அதைக் கேட்க முடியாத தெருவே இல்லையாம். அதனால் அதுவும் உதவவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு என்னிடம் பத்துக் கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி" என்றார் செல்லத்துரை, போனைப் பார்த்து மெதுவாக. "நாங்க வந்துக்கிட்டு இருக்கோம். அவசரமில்ல. ஒங்க முன்னால என்ன இருக்குன்னு பாத்து, மெல்ல சொல்லுங்க."

கரண்டி தட்டியது. சிப்ஸ்காரர் கூவினார். லாரியா, ஒர்க்ஷாப்பா, கோபுரமா என்று எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடித்தது. டிரைவர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"த..." என்றது போன். பிறகு மூச்சு. "தகரம்."

டிரைவர் போனுக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தார்.

"பெரிசு" என்றார். நீண்ட இடைவெளி. அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்தச் சொல்லை உள்ளேயிருந்து இழுப்பது எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. "கீழ... சக்கரம்."

"தேரு!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். மழை படாமல் தகரம் அடித்து மூடி வைத்திருக்கிற தேர். அதன் கீழே சக்கரம் மட்டும் வெளியே தெரியும். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார்.

நேற்று அதைக் கடந்து நடந்திருக்கிறோம். எனக்கு அது ஒரு பெரிய தகரக் கொட்டகை, அவ்வளவுதான். அவர் அதன் சக்கரத்தைப் பார்த்திருக்கிறார்.

தேர் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு பூப்போட்ட பெரிய சட்டை, தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கியது. கீழே அதே துண்டு. போனை இரண்டு கைகளாலும் பிடித்துக் காதோடு வைத்திருந்தார். நாங்கள் இறங்கி முன்னால் போய் நின்ற பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன. அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். பூக்கட்டுகிற பெண்கள் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

செல்லத்துரை அங்கேயே நின்று தன் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேன்காரர்கள் கடைவீதி சுற்றி முடித்து அங்கே வந்து சொன்னதிலிருந்து நடந்தது விளங்கியது. சைரன் ஊதிய அவசரத்தில், ஆள் சேர்க்கிறவர் கையில் கிடைத்த, தொப்பலாக நனைந்த உடம்பையெல்லாம் ஏற்றிவிட்டிருக்கிறார். வேன் டிரைவர் எண்ணினால் கணக்கு சரி. வழியில்தான் புது முகம் என்று தெரிந்திருக்கிறது. "தென்காசியா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறார்கள், இவர் "சரி" என்றிருக்கிறார். லிஃப்ட் கேட்டு ஏறியவர் என்று நினைத்துக் கோவில் பக்கம் இறக்கிவிட்டிருக்கிறார்கள். வேன் கம்பியில் தொங்கிய சட்டையை இவரே எடுத்து மாட்டிக்கொண்டாராம். குளிருக்குச் சட்டை வேண்டும், சட்டை தொங்குகிறது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

"அப்ப எவனும் என்னைத் தேடல?" என்றார் செல்லத்துரை.

"நீரு அந்த வண்டில தூங்குதீருன்னு நெனச்சோம்வே" என்றார்கள். அதற்கு மேல் சந்தைக்காரர்களின் பேச்சை எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

லாட்ஜுக்குப் போய் உடை மாற்றினோம். பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு பரோட்டாக் கடைக்குள் நுழைந்தோம். சீசன் கூட்டம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த ஆள் முதுகை உரசிக்கொண்டு நிற்கிறார். பரிமாறுகிறவர் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன வேணும் அண்ணாச்சி? சட்டுன்னு சொல்லுங்க."

பழக்கதோஷம், என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். மாணிக்கம் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. கல்லில் கரண்டி தட்டிக்கொண்டிருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, "ஏங்க, அந்தம்மாவாவது சொல்லட்டுமே. எவ்வளவு நேரம் நிக்கது?" என்றார்.

திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன். "நில்லுங்கள். அவர் சொல்லுவார்."

கடையே எங்களைப் பார்ப்பது போலிருந்தது. மாணிக்கம் அவசரப்படவில்லை. "பரோட்டா" என்றார். மூச்சு விட்டார். "நாட்டுக்கோழி." அது ஒரு வருஷமாக நான் அவர் கண்ணிலேயே காட்டாத சாப்பாடு. காலையும் இரவும் இட்லிதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் என்னைப் பார்த்து, உங்களுக்கு என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார். நான் கணவரைக் காட்டினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிதானமாக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"இவளுக்கு... இட்லி."